மூன்று மீட்டர் ஆழத்துக்கு ஒரு கேமரா

அந்தமானுக்கு டிக்கெட் எடுத்த கையோடு நம்மவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "தண்ணிக்குள்ள படம் எடுக்கணும். எத்தனை மீட்டர் தாங்குற கேமராவா வாங்கலாம்?" சென்னையில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதால், தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பவளப்பாறையை முதன்முதலில் நேருக்கு நேர் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். இலங்கைக்குப் போகிறவர்கள் திருகோணமலையில் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குப் படகு ஏறுகிறார்கள். லட்சத்தீவின் கட்மத், மாலத்தீவு என்று வசதிக்கேற்ப ஊர் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை.

கடைக்காரரிடம் அதற்குப் பதிலும் தயாராக இருக்கிறது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 10, 15, 20 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். எண் பெரிதாக இருந்தால் கேமராவும் உயர்ந்தது என்று வாங்குகிறவர் எண்ணிக்கொள்கிறார். ஸ்நார்கெலிங்குக்குக் கேமரா தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் உறுதியான கருத்து. பணம் மட்டும் வீணாகிறது என்றால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நாம் எந்தக் கேமராவுடன் இறங்குகிறோம் என்பதற்கும் கீழே உள்ள பவளம் உடைவதற்கும் தொடர்பு இருக்கிறது.

முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு நீர்ப்பரப்பில் குப்புற மிதப்பதுதான் ஸ்நார்கெலிங். மிதவைச் சட்டை போட்டிருப்பவர் மூழ்க நினைத்தாலும் முடியாது. பழகியவர்கள் மூச்சடக்கி மூன்று, நான்கு மீட்டர் இறங்கி ஏறுவார்கள். அதற்கும் கீழே போவது வேறு பயிற்சி. ஆகவே 10 மீட்டர் தாங்கும் கேமராவே நம் தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல். 60 மீட்டர் தாங்கும் கூட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் நாம் ஒருநாளும் போகப்போகாத ஆழத்துக்குக் கட்டும் பணம்.

இன்னொரு பக்கம், மீட்டர் கணக்கை நம்பிச் செல்பேசியோடு கடலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஐபி68' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். இது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்ற தரநிலையிலிருந்து வருகிற குறியீடு. முதல் எண்ணான 6 தூசு புகாமையைக் குறிக்கும். இரண்டாவது எண் நீருக்கானது. அது 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பவரே குறிப்பிட்டுக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே 'ஐபி68' முத்திரையோடு சாம்சங்கின் கேலக்ஸி 1.5 மீட்டர் என்கிறது, ஐபோன் 12க்குப் பிந்தைய மாடல்கள் 6 மீட்டர் என்கின்றன. புத்தம் புதிய கருவியை அசையாத நன்னீரில் வைத்துச் சோதித்துப் பெற்ற எண் இது. உப்பு நீர், அலை, படகிலிருந்து குதிக்கும்போது விழுகிற அடி, இரண்டு வருடப் பயன்பாட்டில் தளர்ந்துபோன ஒட்டுப்பசை, இவை எதுவும் அந்தச் சோதனையில் இல்லை. ஐபோனோடு நீந்த வேண்டாம், குளிக்க வேண்டாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. நீர் புகுந்து கெட்டால் வாரன்ட்டி இல்லை என்பதும் அதே நிறுவனத்தின் விதிதான்.

விளம்பரம் வேறு மாதிரிப் பேசுகிறது. நீச்சல் குளத்துக்குள் சிரித்துக்கொண்டே செல்பேசியில் படம் எடுக்கும் இளைஞர்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று தோன்றும்படி கேலக்ஸி செல்பேசிகளை விளம்பரம் செய்ததற்காக, அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில் சாம்சங் ஆஸ்திரேலியா 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டவேண்டும் என்று 2022இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் சார்ஜர் துளை அரித்துப் போகலாம் என்பதை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே 2020இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. நீர் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, நீர் புகுந்து கெட்டதற்கு வாரன்ட்டி தர மறுப்பது தவறு என்பது அந்த ஆணையத்தின் நிலை.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2020இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அந்த ஆணையம் ஒரே ஒரு விதி கொண்டுவந்தால் போதும்: மீட்டர் எண் அச்சிடும் இடத்தில், அதே அளவு எழுத்தில், இது உப்பு நீருக்குப் பொருந்துமா, நீர் புகுந்தால் வாரன்ட்டி உண்டா என்ற இரண்டு விவரங்களையும் அச்சிட வேண்டும். செல்பேசிக்கு மட்டுமின்றிக் கைக்கடிகாரம், கேமரா எல்லாவற்றுக்கும் இது வேண்டும். கடற்கரை மாநிலம் ஒன்றிலிருந்து இந்தக் கோரிக்கை எழுவது பொருத்தமாகவும் இருக்கும்.

சரி, ஆழத்தைக் கேட்கக் கூடாதென்றால் வேறு எதைக் கேட்பது? பொருளுக்கு எவ்வளவு அருகில் போய்ப் படம் எடுக்க முடியும் என்று கேட்க வேண்டும். இதற்குக் காரணம் கடல் நீர் ஒளியை நடத்தும் விதம். நீர் எல்லா நிறங்களையும் ஒன்றுபோல விடுவதில்லை. முதலில் சிவப்பை விழுங்கிவிடுகிறது. நான்கைந்து மீட்டருக்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சு, அடுத்து மஞ்சள். கடைசிவரை நிற்பது நீலம். பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. கணக்கில் வருவது நாம் இருக்கும் ஆழம் மட்டும் இல்லை, ஒளி நீருக்குள் நடக்கும் மொத்த தூரம். நீங்கள் பரப்பில் மிதக்கிறீர்கள், பவளம் மூன்று மீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூரிய ஒளி மூன்று மீட்டர் இறங்கிப் பவளத்தில் பட்டு, மறுபடி மூன்று மீட்டர் ஏறி உங்கள் கேமராவுக்கு வர வேண்டும். ஆறு மீட்டர் பயணத்தில் சிவப்பு எங்கே மிஞ்சும்? ஊருக்கு வந்து பார்க்கும்போது படமெல்லாம் நீலப் பச்சையாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு மீன் அரை மீட்டர் ஆழத்தில் உங்களுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தால், எந்தச் சாதாரணக் கேமராவிலும் அதன் நிறம் அப்படியே வரும்.

இந்த நிறப் பிரச்சினை நேற்று வந்ததில்லை. பிரான்ஸில் லூயி பூத்தான் 1893இல் கடலடியில் தன் முதல் படங்களை எடுத்தபோது கறுப்பு வெள்ளையே பெரிய சாதனை. வண்ணத்தில் எடுக்க வேண்டும் என்று 1926இல் ஃப்ளோரிடா கடலில் இறங்கிய வில்லியம் லாங்லியும் நேஷனல் ஜியாக்ரஃபிக்கின் சார்லஸ் மார்ட்டினும் நீருக்கு மேலே மிதவையில் மக்னீசியப் பொடியை வெடிக்கச் செய்து ஒளி பெற்றார்கள். ஒரு மீனின் நிறத்துக்காக அவ்வளவு பாடு. இன்று கேமராவிலேயே ஃப்ளாஷ் இருக்கிறதே என்று கேட்கலாம். லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கும் சிறிய ஃப்ளாஷ், நமக்கும் மீனுக்கும் நடுவில் மிதக்கிற துகள்களைத்தான் முதலில் வெளிச்சம் போட்டுக் காட்டும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி விழும். ஸ்நார்கெலிங்கில் ஃப்ளாஷை அணைத்து வைத்துவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை நம்புவதே மேல். சிவப்புக் கண்ணாடி வடிகட்டிகளையும் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மூன்று மீட்டருக்குள் அவற்றுக்கு வேலை இல்லை. இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும்.

நீர் இன்னொரு குழப்பமும் செய்கிறது. நீருக்குள் இருக்கும் பொருள் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். முகமூடி வழியே பார்க்கும் கண்ணுக்கும் இதே நிலைதான். அருகில்தானே இருக்கிறது என்று நினைத்து எடுத்த படத்தில் மீன் சின்னதாக விழுவதற்கு இந்த மயக்கமும் ஒரு காரணம். போதிய அளவு நெருங்கிவிட்டோம் என்று தோன்றும்போது இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டியிருக்கும்.

இந்த அறிவோடு கடைக்குப் போனால் தேர்வு எளிதாகிறது. நம் ஊரில் அதிகம் விற்பது கோப்ரோ வகை ஆக்‌ஷன் கேமரா. கூடு எதுவும் இல்லாமலே கோப்ரோ ஹீரோ 10 மீட்டரும், டிஜேஐயின் ஓஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டரும் தாங்குகின்றன. கையடக்கம், உறுதி, அலையில் ஆடினாலும் ஆடாத வீடியோ. எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. நிக் வுட்மன் 2004இல் விற்ற முதல் கோப்ரோ, ஃபிலிம் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கேமரா. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் தங்களையும் தங்கள் நண்பர்களையும் படம் எடுக்கத்தான் அது உருவானது. அதன் அகலக்கோண லென்ஸ் ஆளையும் அலையையும் அடிவானத்தையும் ஒருசேர அள்ளிக்கொள்ளும். அதே லென்ஸில், இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் கிளிமீன் ஒரு புள்ளியாகத்தான் விழும். அருகில் கொண்டுபோகலாமே என்றால், ஓர் அடிக்குள் வந்த பொருள் தெளிவிழந்துவிடும். குழந்தை முதல்முறையாக மூச்சுக்குழலோடு மிதப்பதையும், பாறையின் மேல் மீன் கூட்டம் திரும்புவதையும் வீடியோவாக வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. அந்தத் தேவைக்கு இதையே வாங்குங்கள்.

மீனையும் பவளத்தையும் பார்ப்பதற்காகவே கடலில் இறங்குகிறவர் என்றால், என் தேர்வு ஒலிம்பஸ் டஃப் வரிசை. ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவை 2021இல் விற்றுவிட்டதால் இப்போது அது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. 2023இல் வெளியான டிஜி-7 மாடல் 15 மீட்டர் தாங்கும் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளையும் தெளிவாகப் பிடிக்கும் என்பதற்காகவே அதைச் சொல்கிறேன். நாலு மடங்கு ஜூம் இருப்பதால் கூச்சமுள்ள மீனைத் துரத்தாமல் இருந்த இடத்திலிருந்தே எடுக்கவும் முடியும். இதன் சென்சார் சிறியது, 12 மெகாபிக்சல்தான். மங்கிய வெளிச்சத்தில் படம் சொரசொரக்கும். உச்சி வெயிலில் மூன்று மீட்டர் ஆழம் மங்கிய இடம் அல்ல என்பதால் இந்தக் குறை நமக்குப் பெரிதாகத் தெரியாது. விலைதான் யோசிக்க வைக்கும்: அமெரிக்காவில் 550 டாலருக்கு அறிமுகமான கருவி இது. வருடத்துக்கு ஒருமுறைகூடக் கடலுக்குப் போகாதவர் இதை வாங்கி அலமாரியில் வைப்பதைவிட வாடகைக்கு எடுப்பது நல்லது. பழைய நீர்க்கேமராவைக் குறைந்த விலைக்கு வாங்குவது மட்டும் வேண்டாம். ரப்பர் வளையத்தின் வயது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

செல்பேசியைக் கடினமான கூட்டுக்குள் வைத்து இறங்குவது மூன்றாவது வழி. உள்ளேயிருக்கும் காற்றைக் கை பம்ப்பால் உறிஞ்சி, கசிவு இருக்கிறதா என்று இறங்கும் முன்பே காட்டிவிடும் கூடுகள் இருக்கின்றன. அவை நம்பத் தகுந்தவை. கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பைகள் வேறு கதை. படகில் தெறிக்கும் தண்ணீருக்கு அவை போதும். நீருக்குள் போனால் பை திரையோடு அழுந்தி ஒட்டிக்கொள்ளும், தொடுதிரை வேலை செய்யாது, ஒலி கூட்டும் பொத்தானை அமுக்கித்தான் படம் எடுக்க வேண்டும். அதையே நம்பி இறங்குகிறவர்கள் முதல் நாள் இரவே பைக்குள் டிஷ்யூ காகிதமும் ஒரு கனமான பொருளும் போட்டு அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டும். காகிதத்தின் ஓரம் நனைந்திருந்தாலும் அந்தப் பையைத் தூக்கிப் போடலாம்.

எதை வாங்கினாலும் மிதவைப் பட்டை ஒன்று சேர்த்து வாங்குங்கள். இந்தக் கேமராக்கள் எல்லாம் மூழ்கக்கூடியவை. கைதவறினால் அவற்றின் பின்னால் பாய வேண்டும் என்ற துடிப்பு வரும், அந்தத் துடிப்பு ஆளைக் கொல்லக்கூடியது. படத்துக்காக மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டு மூழ்குகிற பழக்கமும் அப்படித்தான். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு விட வேண்டும் என்ற எச்சரிக்கை தாமதமாக வரும். அதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். கேமரா கையில் இருக்கும்போது நீரோட்டம் எங்கே தள்ளுகிறது, படகு எங்கே நிற்கிறது என்பதும் மறந்துவிடுகிறது. துணைக்கு ஒருவர் இல்லாமல் கேமராவோடு இறங்கக் கூடாது என்பதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

நெருங்கு, நெருங்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த நெருக்கத்துக்குப் பவளம் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் ஸ்கூபா முக்குளிப்போரைப் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. கேமரா வைத்திருந்தவர்கள், இல்லாதவர்களைவிட அதிகமுறை பவளத்தைத் தொட்டார்கள், இடித்தார்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. இறங்கும் முன் ஒரு சிறு அறிவுரை சொல்வதால் மட்டும் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. கூடவே வரும் வழிகாட்டி, தொடும்போதே குறுக்கிட்டுத் திருத்தியபோதுதான் குறைந்தது. அது ஸ்கூபா, நாம் பேசுவது ஸ்நார்கெலிங். ஆனால் காரணம் இரண்டுக்கும் ஒன்றே. கண் சிறிய திரையில் ஒட்டிக்கொள்கிறது. கை ஆடாமல் இருக்க ஏதாவது பிடிமானம் தேடுகிறது. கால் எங்கே இருக்கிறது என்று மனதுக்குத் தெரிவதில்லை. இடுப்பளவு நீரில் படத்தைச் சரிபார்ப்பதற்காக எழுந்து நிற்கிறார்கள். நிற்கிற இடம் மணலா பவளமா என்று பார்ப்பதில்லை. உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. ஒரு காலடியில் உடைந்தது மீண்டும் அந்த அளவுக்கு வர ஒரு குழந்தை பள்ளிப் படிப்பு முடிக்கும் காலம்கூட ஆகலாம்.

கேமராத் தேர்வு இங்கேதான் அறம் சார்ந்த விஷயமாகிறது. ஒரு கையால் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் இயக்கக்கூடிய கேமராவாக இருந்தால், மற்றொரு கை உடம்பைச் சமன்செய்யக் கிடைக்கும். பெரிய கூடும் இரட்டைக் கைப்பிடியும் அந்தக் கையையும் பிடுங்கிக்கொள்ளும். நீண்ட செல்ஃபி குச்சி பற்றி இரண்டு கருத்து உண்டு: உடம்பைத் தள்ளி வைத்துக் கேமராவை மட்டும் அருகில் கொண்டுபோகலாம் என்று அதை ஆதரிப்பவர்கள் இருக்கிறார்கள். பழகிய கைக்கு அது சரி. நம் சுற்றுலாக் கடற்கரைகளில் அந்தக் குச்சியின் நுனி எங்கே போகிறது என்று தெரியாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம், அதனால் நான் எதிர்ப்பேன். முதல் நாள் கேமராவே வேண்டாம். முகமூடிக்குள் புகும் நீரை வெளியேற்றவும், மூச்சுக்குழலில் பதற்றமில்லாமல் மூச்சு விடவும், துடுப்புக்காலால் மணலைக் கிளப்பாமல் நகரவும் பழகிய பிறகு மறுநாள் எடுத்துச் செல்லலாம்.

பயணிகளைவிட அதிகம் திருந்த வேண்டியவர்கள், படம் எடுத்துக் கொடுப்பதையே தொழிலாக நடத்துபவர்களில் சிலர். மீன் கூட்டம் படத்தில் நிறைய விழ வேண்டும் என்று ரொட்டித் துண்டுகளை வீசுகிறார்கள். கடல் அட்டையையோ நட்சத்திர மீனையோ எடுத்துப் பயணியின் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். கடல் அட்டையும் கடற்குதிரையும் பாறை கட்டும் பவளங்களும் 2001 முதல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. புலிக்குக் கிடைத்த அதே சட்டப் பாதுகாப்பு. தன் ஆல்பத்தில் இருக்கும் சிரித்த முகத்துக்குப் பின்னால் ஒரு சட்டமீறல் இருக்கிறது என்பது பயணிக்குத் தெரியாது. வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் இவ்வளவு பதறுவானேன் என்றால், பவளங்களின் நிலை அப்படி இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அமைந்த மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. கோடையில் கடல் நீர் சூடாகும்போது பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவும் அந்தமானும் இதை அனுபவித்தன. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் அறிவித்தது. லட்சத்தீவும் அந்த ஆண்டு தப்பவில்லை. கடல் சூடாவதைப் படகில் போகும் ஒரு குடும்பம் தடுத்துவிட முடியாது. வெளுத்து, உயிர் தப்பி, மெல்லத் தேறிவரும் பவளத்தின் மேல் கால் வைக்காமல் இருக்க முடியும்.

நல்ல கையிலிருக்கும் கேமராவால் கடலுக்கு நன்மையும் உண்டு. ஆமையின் கன்னத்துச் செதில் அமைப்பு ஒவ்வோர் ஆமைக்கும் வேறு வேறு. பக்கவாட்டில் எடுத்த ஒரு தெளிவான படம் போதும், வேறொரு ஆண்டில் வேறொருவர் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு அதே ஆமைதானா என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய 'கோரல்வாட்ச்' திட்டம், பவளத்தின் நிறத்தை ஒப்பிடும் ஓர் அட்டையைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது. நீர் நிறத்தை மாற்றிவிடும் என்பதால் படத்தை மட்டும் நம்ப முடியாது. பவளத்தின் அருகே பிடித்த அட்டையும் அதே நீரில் அதே மாற்றத்துக்கு உள்ளாவதால் ஒப்பீடு பிழைக்காது. தேதியோடும் இடத்தோடும் பாதுகாத்து வைத்த ஒரு படம், நூறு செல்ஃபிகளைவிட மதிப்புள்ளது.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீர்க்கேமராக்கள் சாவது பெரும்பாலும் இதனால்தான். பேட்டரியையும் மெமரி கார்டையும் முதல் நாள் இரவே ஏசி அறையின் வறண்ட காற்றில் போட்டு மூடிவிட வேண்டும். படகில் திறக்கக் கூடாது. ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துணுக்கு இருந்தால் போதும், நீர் உள்ளே வர. படகின் பலகையில் வெயிலில் காய்ந்த கேமராவை அப்படியே கடலில் முக்கினால் உள்ளேயிருக்கும் சூடான காற்று சுருங்கி, வெளியிலிருந்து நீரை இழுக்கப் பார்க்கும். லென்ஸுக்கு உட்புறம் ஆவியும் படியும். ஈரத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நீருக்குள்ளேயே பொத்தான்களை அமுக்கி உப்பை வெளியேற்றி, துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். குழாயை வேகமாகத் திறந்து அடிக்கக் கூடாது. வளையங்களை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றுங்கள்.

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கற்று, தனித்தனியாகக் கேமரா வாங்கி, ஒரு பயணத்தோடு அதை மறந்துவிடுவதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று சாத்தியம். அந்தமானின் வண்டூரில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஜாலி பாய் தீவுக்குப் போகிறவர்களின் பைகளை, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று படகுத்துறையிலேயே சோதிக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலை முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். திரும்பக் கொண்டுவந்தால் பணம் கிடைக்கும். வருடத்தில் சில மாதங்கள் ஜாலி பாய், மற்ற மாதங்கள் ரெட்ஸ்கின் என்று தீவுகளுக்கு மாறி மாறி ஓய்வும் கொடுக்கிறார்கள். அதே படகுத்துறையில், அதே முன்பண முறையில், அருகிலிருந்து படம் எடுக்கக்கூடிய எளிய கேமராக்களை மிதவைப் பட்டையோடு வாடகைக்குக் கொடுக்கலாம். ஆழமில்லாத மணற்பரப்பில் சற்று நேரம் பழகிக்காட்டிய பிறகே கேமரா கைக்கு வரவேண்டும். கழுவி உலர்த்த நல்ல தண்ணீர்த் தொட்டி, வளையம் மாற்றத் தெரிந்த ஓர் உள்ளூர் இளைஞர், வேறு பெரிய செலவு இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தின் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரியை ஊர் மக்களைக் கொண்டே நடத்திக்காட்டிய நம் வனத்துறை, தமிழ்நாட்டுக் கடலில் ஸ்நார்கெலிங் அனுமதிக்கும் இடங்களில் இதைத் தொடங்கிவைக்கலாம்; வாடகை வருமானம் அந்த ஊர் மீனவக் குடும்பங்களுக்கே போக வேண்டும். கேமராவைத் திருப்பித் தரும்போது படங்களைப் பயணியின் செல்பேசிக்கு மாற்றிக் கொடுக்கிற அதே நபர் அவற்றை ஒருமுறை பார்த்துவிடட்டும். யாராவது பவளத்தின் மேல் நிற்பதோ, கடல் அட்டையைத் தூக்கிப் பிடிப்பதோ அதில் இருந்தால், முன்பணம் பூங்காவின் கணக்கில் சேரும்.